உண்மையைத்தான் எழுதினேன், பிறகு எதற்கு வழக்கு?

கேள்வி, 2025 பிப்ரவரி 3

எங்கள் தெருவுக்குச் சாலை போட்ட ஒப்பந்ததாரர் பாதி ஜல்லியோடு வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். படம் எடுத்து, "கொள்ளையன் போட்ட சாலை" என்று தலைப்பிட்டு முகநூலில் எழுதினேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அரசியல் சாசனம் பேச்சுரிமை கொடுத்திருக்கிறது. உண்மையைச் சொன்னவன் மீது அவதூறு வழக்கு நிற்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

பிப்ரவரி 3, இரவு 10.40

கிழிக்க வேண்டாம் தம்பி. அது வந்த உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தபால் முத்திரையில் இருக்கும் தேதி பின்னால் தேவைப்படும்.

நான் வக்கீல் இல்லை. முப்பத்தொரு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். அதில் நான்கு வருடம் நடுவர் நீதிமன்றத்தில் ஓர் அவதூறு வழக்கில் இரண்டாவது எதிரியாக நின்றிருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் எதிரி என்பார்கள். அங்கே காதில் விழுந்ததும் பிறகு தேடிப் படித்ததும்தான் எனக்குத் தெரிந்த சட்டம்.

"உண்மை என்றால் வழக்கு நிற்காது" என்பது பாதிதான் சரி. நஷ்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் போதும். கிரிமினல் அவதூறில் அது போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499ஆவது பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. முதல் விதிவிலக்கு உண்மையைப் பற்றியதுதான். ஆனால் சொன்னது உண்மையாக இருப்பதோடு, அதைச் சொல்வது பொது நன்மைக்குத் தேவையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய குடும்பச் சண்டையை, அது நூற்றுக்கு நூறு உண்மை என்றாலும், ஊர்ச் சுவரில் ஒட்டினால் இந்த விதிவிலக்கு கைகொடுக்காது. 2024 ஜூலை 1 முதல் இதெல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவுக்குப் போய்விட்டது. சாரம் மாறவில்லை. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவை என்ற தண்டனையும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. "நான் அந்த விதிவிலக்குக்குள் வருகிறேன்" என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் விஷயம் பொதுப் பணத்தில் போட்ட சாலை. பொது நன்மை என்ற படியை ஏறுவது கடினம் இல்லை. உண்மை என்ற படிக்குத்தான் ஆதாரம் வேண்டும். மூலப் படங்களை அழிக்காதீர்கள். எம்.புக் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாளைக்கே கேளுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஜல்லி போட்டதாக எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும்.

பிப்ரவரி 4, காலை

நேற்று இரவுக்குள் மூன்று பேர் வந்து "போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று அந்தத் தம்பியைப் பயமுறுத்தியிருக்கிறீர்கள். வெறும் அவதூறுக்கு அப்படி நடக்காது. போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இல்லை இது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் தானே நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம். இரு தரப்பும் சமாதானம் ஆகவும் சட்டம் இடம் தருகிறது.

அமைச்சர் போன்ற பதவியில் இருப்பவர்களின் அலுவலைப் பற்றி எழுதினால் மட்டும் வேறு வழி ஒன்று உண்டு. அரசு அனுமதியோடு அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அந்த வழி எவ்வளவு தாராளமாகப் பயன்பட்டது என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. கிரிமினல் அவதூறுச் சட்டமே கூடாது என்ற வாதத்தை மட்டும் உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்கவில்லை. சுப்பிரமணியன் சுவாமி வழக்கு அது. நற்பெயரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

பிப்ரவரி 5

என் வழக்கைச் சொல்லச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

2009, ஆடி மாதம். எங்கள் ஊர் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் உறுப்பினர்களின் நகைக் கடன் கணக்கில் விளையாடியிருக்கிறார் என்று முழு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். டெம்மி எட்டில் ஒன்று, ரோஸ் தாள், ஆயிரம் பிரதி. கணினியில் அடித்து மெய்ப்பு, அதாவது பிழை திருத்துவதற்கான முதல் பிரதி, எடுத்துக் கொடுத்தது என்னிடம் வேலை பார்த்த பெண். மெய்ப்பை நான் படித்தேன். "சங்கப் பணத்தைக் கையாடல் செய்த செயலாளர்" என்று ஒரு வரி. எனக்கு உறுத்தியது. பென்சிலால் "செய்த" என்பதை அடித்து, ஓரத்தில் "செய்ததாகக் கூறப்படும்" என்று எழுதினேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கூறப்படும் என்று போட்டால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள் தம்பி. கணக்கு என் கையில் இருக்கிறது. நான் சொல்கிறேன், யாரோ சொல்வதாக எதற்கு?" என்றார். அவரிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன் நான். ரப்பரால் அழித்துவிட்டேன். நோட்டீஸ் அவர் எழுதியபடியே போயிற்று. அடியில் அச்சகத்தின் பெயர்.

நாற்பது நாளில் சம்மன் வந்தது. வாத்தியார் முதல் எதிரி, நான் இரண்டாவது. "அடித்துக் கொடுத்தவனுக்கு என்ன வழக்கு?" என்றுதான் நானும் நினைத்தேன். 501 என்று தனியாகவே ஒரு பிரிவு உண்டு. அவதூறு என்று தெரிந்தோ, அப்படி நம்பப் போதிய காரணம் இருந்தோ அச்சடித்தால் அச்சடித்தவனுக்கும் அதே இரண்டு வருடம். இன்று அது 356க்குள்ளேயே இருக்கிறது.

வாத்தியார் தன் ஆதாரக் கட்டை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். அதற்குள் அந்த மெய்ப்புத் தாளும் இருந்தது. அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். புகார்தாரரின் வக்கீல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் ஓடிய இடம் மங்கலாகத் தெரிந்தது, பென்சில் அழுந்திய பள்ளமும் தெரிந்தது. சாட்சி சொல்ல வந்திருந்த எங்கள் கணினிப் பெண்ணிடம், "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார்.

"முதலாளி கையெழுத்து."

"சந்தேகம் வந்ததால்தானே திருத்தினார்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள் என்று அடுத்த நாள் அவள் அண்ணன் சொன்னார்.

எச்சரிக்கையாக இருந்ததற்கான தடயமே, தெரிந்துதான் அச்சடித்தான் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இதை நினைக்காமல் நான் இன்றுவரை பென்சில் எடுத்ததில்லை.

பிப்ரவரி 5, மாலை

"பிறகு என்ன ஆயிற்று?" என்கிறீர்கள். இன்று வேண்டாம். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

"அமெரிக்காவைப் போல முதல் திருத்தம் நமக்கும் இருக்கிறதே, பயப்படாமல் பேசுங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. ஆனால் அது நேர் எதிர்த் திசையில் போகும் திருத்தம். 1791இல் வந்த அமெரிக்க முதல் திருத்தம் பேச்சைக் கட்டுப்படுத்திச் சட்டம் போடாதே என்று அவர்களுடைய நாடாளுமன்றத்துக்குச் சொல்கிறது. 1951இல் வந்த நம்முடைய முதல் திருத்தம் பேச்சைக் கட்டுப்படுத்த அரசுக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அதற்குக் காரணமான வழக்கு நம் ஊரிலிருந்து போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1950 பிப்ரவரி 11, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. பொது ஒழுங்கைக் காக்க 1949இல் போட்ட மாநிலச் சட்டம் ஒன்றை அதற்குக் காட்டினார்கள். ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு. எழுதியவர் நம் பதஞ்சலி சாஸ்திரி. எந்தெந்தக் காரணங்களுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்வது அரசியல் சாசனத்தின் 19(2). அன்றைய 19(2)இல் அரசின் பாதுகாப்பு, அவதூறு போன்றவை இருந்தன, பொது ஒழுங்கு என்ற சொல் இல்லை. இல்லாத காரணத்தைக் காட்டிப் பத்திரிகையைத் தடுக்க முடியாது என்று தடையை ரத்து செய்தார்கள். குடியரசுக்கு வயது நான்கு மாதம்.

ஒரு வருடத்துக்குள் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்துவிட்டது. பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய மூன்றும் 1951இல் சேர்ந்தன. ஆனால் அதே திருத்தத்தில் "நியாயமான" என்ற அடைமொழியும் சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதுதானா என்று நீதிமன்றம் எடைபோட முடிவது அந்த ஒரு சொல்லால்தான்.

1963இல் இன்னொன்று வந்தது, நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும். பிரிவினைத் தடைச் சட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த 16ஆவது திருத்தம். மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். அந்தச் சமயத்தில்தான் திராவிட நாடு கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்டது. ஆக, இன்று 19(2)இல் இருக்கும் சொற்களில் இரண்டுக்குப் பின்னால் நம் ஊர் இருக்கிறது.

மொத்தம் எட்டு: இறையாண்மை, ஒருமைப்பாடு இரண்டும் சேர்ந்து ஒன்று, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இந்தப் பட்டியலுக்கு வெளியே போய்ப் புதிய காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். "மனம் புண்படுதல்" எங்காவது இருக்கிறதா?

பிப்ரவரி 8

நேற்றைய கடைசி வரிக்கு இத்தனை எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "295ஏ இருக்கிறதே" என்று ஏழு பேர். இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டப் பிரிவு அது, நியாய சன்ஹிதாவில் இன்று 299. அதன் வாசகத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு, ஒரு பிரிவினரின் மத உணர்வைச் சீற்றப்படுத்தும் நோக்கில் மதத்தை இழிவுபடுத்தினால்தான் அது குற்றம். கவனக்குறைவாக, அப்படிப்பட்ட நோக்கம் இல்லாமல் சொன்ன சொல் இதில் வராது என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. ஒருவர் புண்பட்டேன் என்று சொல்வதால் மட்டும் குற்றம் பிறந்துவிடாது.

பெரியார் பிள்ளையார் சிலை உடைத்ததை இரு தரப்பும் இங்கே இழுத்திருக்கிறீர்கள், இரு தரப்பும் தவறாக. 1953 மே மாதம் திருச்சியில் நடந்தது. களிமண் சிலை. புகாரைக் கீழ் நீதிமன்றமே தள்ளுபடி செய்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் "பெரியார் ஜெயித்தார்" என்று ஒரு கட்சி. 1958இல் உச்ச நீதிமன்றம், கோயிலில் வைத்துப் பூசை செய்யாத உருவமும் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் பொருளாக இருக்கலாம், கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன என்றது. அதனால் "பெரியார் தோற்றார்" என்று இன்னொரு கட்சி. ஆனால் அதே தீர்ப்பில், இத்தனை வருடம் கழித்து இதைக் கிளற வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. மேடையில் இதைப் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 8, இரவு

"சட்டம் என்னவாக இருந்தாலும், கலவரம் வரும் என்றால் பேசுகிறவனைத்தானே நிறுத்த வேண்டும்" என்று ஓய்வு பெற்ற காவல்துறை ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மரியாதையாகக் கேட்டிருப்பதால் மரியாதையாகவே சொல்கிறேன். இட ஒதுக்கீட்டைப் பற்றி எடுத்த ஒரு தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திரையிட்டால் வன்முறை வரும் என்று அரசுத் தரப்பு வாதம். 1989இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்க முடியாது, பேச்சுரிமையைக் காப்பது அரசின் கடமை என்றார்கள். வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே பிரிக்க முடியாத நெருக்கம் இருக்க வேண்டும்.

ஆனால் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் என்ன நடந்தது? ஒரு நாவல் எழுதியதற்காக, சமாதானப் பேச்சு என்ற பெயரில் எழுத்தாளர் பெருமாள்முருகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எந்த நீதிமன்றமும் அவர் குற்றம் செய்தார் என்று சொல்லவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது, அவர் எழுத வேண்டும் என்று முடித்தது. ஒன்றரை வருடம் ஒரு எழுத்தாளர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாரே, அந்த ஒன்றரை வருடத்தை எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது ஐயா?

பிப்ரவரி 9

திருத்தம். இதே பக்கத்தில் வேறொருவருக்குப் பதில் எழுதும்போது, "பேச்சுரிமை அரசுக்கு எதிரானது மட்டுமே, தனி ஆளையோ கம்பெனியையோ கட்டுப்படுத்தாது" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர் அம்மா திருத்தியிருக்கிறார். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், நேற்று முன்தினம் நானே சொன்ன அதே ஐந்து நீதிபதிகள் அமர்வில், நான்கு பேர் பேச்சுரிமை தரும் 19, வாழ்வுரிமை தரும் 21 ஆகிய இரண்டு பிரிவுகளின் உரிமையை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி நாகரத்னா இதில் மாறுபட்டார். பட்டியல் மூடியது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிட்டேன். மேடைக்காரர்களைப் பற்றி நேற்று கோபமாக எழுதியது எனக்கும் பொருந்துகிறது. மன்னியுங்கள்.

அதற்காக, முகநூல் உங்கள் பதிவை நீக்கியதும் அரசியல் சாசனம் மீறப்பட்டது என்று எழுதாதீர்கள். நடைமுறையில் அந்தத் தீர்ப்பைக் கொண்டு யார் என்ன செய்ய முடியும் என்பது இன்னும் தெளிவாகவில்லை என்று அந்த அம்மாவே சொல்கிறார்.

பிப்ரவரி 11

இன்னொரு திருத்தம், இதுவும் அவருடையதுதான். எட்டுக்கு வெளியே எல்லையே இல்லை என்று நான் எழுதியது முழுக்கச் சரியில்லை. சட்டமன்ற உரிமை மீறல் இருக்கிறது. அது 19இல் இல்லை, 194இல் இருக்கிறது.

எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. 1987 ஏப்ரல், அப்பாவின் அச்சகத்தில் டிரெடில் மிதித்துக்கொண்டிருந்த பையன் நான். எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று தோற்றத்தை வைத்துக் கேலி செய்யும் ஒரு நகைச்சுவையை அட்டையில் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. நீதிபதி இல்லை, சாட்சி இல்லை. ஊரெல்லாம் கொதித்தது, சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அப்பா அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் கடையில் வந்தவர்களிடம் இதையே பேசிக்கொண்டிருந்தார்.

2003 நவம்பரில் மறுபடியும் நடந்தது. 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானம். உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

பிப்ரவரி 12

வாட்ஸ்அப் பற்றிய கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செத்துவிட்டது. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எரிச்சலூட்டும், சங்கடப்படுத்தும் செய்தி அனுப்பினாலே மூன்று வருடம் என்று ஒரு சட்டம் இருந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு பதறுகிறது. புதுச்சேரியில் 2012இல் ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காக ஒருவரை விடியற்காலையில் கைது செய்தார்கள். ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில், ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் உரிமைதான், தூண்டுதல் என்ற நிலைக்குப் போனால்தான் சட்டம் தலையிடலாம் என்று பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் காவல் நிலையங்கள் 66ஏ போட்டுக்கொண்டே இருந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. யாராவது உங்களை 66ஏ சொல்லி மிரட்டினால் தேதியைச் சொல்லுங்கள்.

"வந்ததைத்தான் அனுப்பினேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு என்றது. பிறகு அழித்ததும் மன்னிப்புக் கேட்டதும் வழக்கை நிறுத்தவில்லை. ஆனால் குழுவில் யாரோ போட்டதற்கு அட்மினை மட்டும் பிடித்து உள்ளே போட முடியாது, அவருக்கும் அதில் பங்கு இருந்தால் ஒழிய. கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பிப்ரவரி 13

கேள்விக்குறி போட்டால் தப்பலாமா என்று கேட்டவருக்கு: "செயலாளர் திருடனா?" என்று கேட்டாலும், நையாண்டியாக "நம் உத்தமச் செயலாளர்" என்று எழுதினாலும், படிப்பவனுக்கு என்ன பொருள் போய்ச் சேர்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள். மறைமுகமாகச் சொல்வதும் கிண்டலாகச் சொல்வதும் அவதூறாகலாம் என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. "கூறப்படுகிறது" என்ற சொல்லுக்கும் மந்திர சக்தி கிடையாது. 2009இல் என் பென்சில் எழுதியது நிலைத்திருந்தாலும் வழக்கு வந்திருக்கும் என்று என் வக்கீல் சொன்னார். அதைக் கேட்டபோது ஒரு பாரம் இறங்கியது, வேறொரு பாரம் ஏறியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மீதியை எழுதுகிறேன்.

நான்கு வருடத்தில் முப்பத்தேழு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடை அரை நாள் மூடல். பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள், "ஆஜர்" என்று சொல்லிவிட்டு மறு தேதி வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் டீ. வாத்தியார் டீக்குக் காசு கொடுக்க என்னை ஒருமுறையும் விட்டதில்லை. மூன்றாவது வருடம் அவருக்கு இதய நோய். வாய்தாவுக்குப் பதினொரு நாள் முன்னால் போய்விட்டார். முதல் எதிரி இறந்ததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. நான் தனியாக நின்றேன்.

ஆதாரத்தை விளக்கத் தெரிந்தவர் அவர்தான். எனக்கு அந்த நகைக் கடன் பேரேட்டில் தலையும் புரியாது, வாலும் புரியாது. செயலாளர் தரப்பிலிருந்து ஆள் வந்தது: வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் சமாதானம். என் மனைவி, "நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். "சரிபார்க்காமல் அச்சிட்டமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்." என் அச்சகத்திலேயே அந்த வாக்கியத்தைக் கணினியில் அடித்தேன். மெய்ப்புப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே சங்கத்தில் கூட்டுறவுச் சட்டத்தின் 81ஆவது பிரிவு விசாரணை முடிந்தது. கூட்டுறவுக்காரர்களுக்குத் தெரியும், அடுத்து 87, தண்டத்தீர்வை. செயலாளர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையைப் போட்டு உத்தரவு வந்தது. வாத்தியார் நோட்டீஸில் எழுதியிருந்த தொகைக்கும் அதற்கும் சில ஆயிரம்தான் வித்தியாசம்.

என் வருத்தக் கடிதம் இன்னும் அந்த நீதிமன்றக் கட்டில் இருக்கிறது. வாத்தியார் வீட்டம்மா தெருவில் பார்த்தால் தலையசைப்பார், பேசுவதில்லை. அவர் மேல் தப்பே இல்லை.

இதற்கு முன் எழுதியதில் ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்கிறேன். 4ஆம் தேதி "ஜாமீன் கிடைக்கும், சமாதானம் ஆகலாம்" என்று ஏதோ லேசான விஷயம்போல எழுதியிருந்தேன். சட்டப்படி அது சரி. ஆனால் எங்கள் வழக்கில் எந்த நீதிபதியும் எங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. வாய்தாவே எல்லாவற்றையும் முடித்துவிட்டது. உண்மை எங்கள் பக்கம் இருந்தது, பொது நன்மை இருந்தது, சட்டத்தின் முதல் விதிவிலக்கே எங்களுக்காக எழுதியதுபோல இருந்தது. அந்த விதிவிலக்கைப் பேசும் கட்டத்துக்கு வழக்கு வந்து சேரவேயில்லை.

பிப்ரவரி 17

"இப்படி எழுதி எல்லோரையும் பயமுறுத்துகிறீர்களே" என்கிறார் ஒருவர். என் நோக்கம் அது இல்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாதவன்தான் எல்லைக்கு ஒரு மைல் முன்னாலேயே நின்றுவிடுகிறான். 'குடி அரசு' தலையங்கம் ஒன்றுக்காக ராஜதுரோக வழக்கில் பெரியாரோடு சிறைக்குப் போனவர் பதிப்பாளராக இருந்த அவருடைய தங்கை கண்ணம்மாள். 1933ஆம் வருடத்துத் தலையங்கம் அது. 124ஏ என்ற அதே பிரிவில்தான் 1908இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அவர்களுக்கு அரசியல் சாசனம் தந்த பேச்சுரிமையும் கிடையாது, இந்தப் பட்டியலும் கிடையாது. நமக்கு இருக்கிறது. இருப்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22

சாலைக்காரத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். எம்.புக் நகலுக்கு மனுப் போட்டுவிட்டாராம். நோட்டீஸுக்குப் பதில் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். வக்கீலிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கைபடாமல் இருக்க முடியாமல் நானும் படித்தேன். அவருடைய முகநூல் பதிவில் "கொள்ளையன்" என்ற தலைப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தச் சொல்லுக்கு எந்த அளவுப் புத்தகத்திலும் ஆதாரம் கிடைக்காது. சாலையின் கனம் எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்து எடுத்த படத்துக்குக் கிடைக்கும். பதிவை அழித்துவிடலாமா என்றார். வேண்டாம், அந்த ஒரு சொல்லை என்ன செய்யலாம் என்று வக்கீலிடம் கேளுங்கள் என்றேன்.

பிப்ரவரி 23

நேற்று மாலை கல்லூரிப் பெண்கள் இருவர் கடைக்கு வந்தார்கள். தங்கள் பகுதிக்குக் குடிநீர் வராததைப் பற்றி நோட்டீஸ், ஐந்நூறு பிரதி. "தண்ணீரைத் திருடி விற்கும் அதிகாரிகள்" என்று ஒரு வரி. யார் திருடியது, யாரிடம் விற்றது என்று கேட்டேன். தெரியாது அண்ணா, ஆனால் லாரி வருவதை எண்ணியிருக்கிறோம் என்றார்கள். நோட்டை விரித்துக் காட்டினார்கள். பதினாறு நாள், தேதி, நேரம், லாரியின் எண். அதே நாட்களில் தெருக் குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று பக்கத்திலேயே குறித்திருந்தார்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு அந்தப் பதினாறு நாளை அட்டவணையாகப் போடலாம் என்றேன். இருவரும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்து சரி என்றார்கள். இடம் போதவில்லை, எழுத்தைப் பத்துப் புள்ளிக்குக் குறைத்தோம். ஒன்பதாம் நாளில் நேரம் தவறாக ஏறியிருந்ததை அந்தப் பெண்ணே மெய்ப்பில் கண்டுபிடித்தாள். பென்சில் கேட்டாள், கொடுத்தேன்.

பிளேட் போடும் முன் ஒருமுறை கேட்டார்கள், அச்சகத்தின் பெயரைப் போடாமல் விட்டுவிடலாமா அண்ணா, உங்களுக்குத் தொந்தரவு வருமே என்று. பெயரை வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் நானே அடித்தேன். இன்று காலை ரோஸ் தாளில் ஓடிக்கொண்டிருக்கிறது.